பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ், டூ-வாப், சோல் தட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1940களின் நடுவிலிருந்து 1960களின் கடைசி வரை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பதிவு செய்த இசைத்தட்டுகளைக் கேட்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எனக்கு இந்தப் பாட்டுகள்மேல் தீராத பிரியம் உண்டு. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

ரிதம் அண்ட் ப்ளூஸ், டூ-வாப், சோல் மூன்றும் வேறு வேறா?

ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். மூத்தது ரிதம் அண்ட் ப்ளூஸ். தென் மாநிலங்களின் பருத்திக்காட்டையும் நிறப் பாகுபாட்டுச் சட்டங்களையும் விட்டு, லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று பிழைப்புத் தேடிப் போனார்கள். ப்ளூஸும் தேவாலயப் பாட்டும் அவர்களோடு கூடவே போயின. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெரிய ஜாஸ் இசைக்குழுக்களை வைத்து நடத்துவது கட்டுப்படியாகாமல் போக, ஐந்தாறு பேர் கொண்ட சிறிய குழுக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. லூயி ஜோர்டனின் குழு அப்படிப்பட்டது. அவருடைய 'சூ சூ ச்புகி' 1946இல் பில்போர்டு என்ற இசை வணிக இதழின் கறுப்பினப் பாட்டுப் பட்டியலில் 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

டூ-வாப் அதே காலத்தில் குரல்களை நம்பி வளர்ந்த கிளை. வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் தெருமுனையிலும் மாடிப்படியிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் சேர்ந்து பாடியது. சோல், 1950களின் நடுவில் தேவாலயத்தில் பாடும் முறையை அப்படியே காதல் பாட்டுக்குள் கொண்டுவந்தபோது பிறந்தது.

இவற்றுக்கு நடுவே கறாரான கோடு போட முடியாது. மூன்க்ளோஸ் என்ற டூ-வாப் குழுவை நடத்தியவர் ஹார்வி ஃபூக்வா. 1959இல் அவருடைய புதிய மூன்க்ளோஸில் சேர்ந்த இளைஞர் மார்வின் கே. பிறகு இருவருமே டெட்ராய்டின் சோல் தட்டுக் கம்பெனியான மோட்டவுனுக்குப் போனார்கள். அந்த ஒரு நட்புக்குள்ளேயே தெருமுனைப் பாட்டு சோலாக மாறிய கதை இருக்கிறது.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

1949 வரை பில்போர்டு இதழ் இவற்றை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள், என்று ஒதுக்கிப் பட்டியலிட்டது. அங்கே வேலை பார்த்த ஜெரி வெக்ஸ்லர் சொன்ன பெயர்தான் ரிதம் அண்ட் ப்ளூஸ். 1949 ஜூனில் பட்டியலின் தலைப்பு மாறியது. டூ-வாப் என்ற சொல் 1961 வாக்கில்தான் அச்சில் வருகிறது. அதற்குள் அந்தப் பாணியின் நல்ல காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பாடியவர்கள் தங்களைக் குரல் குழு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1969இல் பில்போர்டு அதே பட்டியலுக்கு 'சோல்' என்று பெயர் வைத்தது.

டூ-வாப் பாட்டில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

கீழ்க்குரலிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் முன்னால் நின்று பாடுகிறவரைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

வழக்கமான குழுவில் நான்கைந்து பேர். ஒருவர் முன்குரல், பெரும்பாலும் உச்சத்தில் பாடுகிறவர். இரண்டு பேர் அவருக்குச் சற்றுக் கீழே. அடுத்தவர் நடுக்குரல். கடைசி ஆள் பேஸ், அடித்தளக் குரல். தெருமுனையில் பேஸ் கிட்டார் ஏது? அந்த ஆளின் தொண்டைதான் அந்த வேலையைச் செய்தது. 'பம் பம்' என்று அவர் போகும் வழியில்தான் மற்ற நான்கு பேரும் நடக்கிறார்கள். ரேவன்ஸ் குழுவின் ஜிம்மி ரிக்ஸ் 1947இல் 'ஓல் மேன் ரிவர்' பாட்டை அடித்தளக் குரலிலேயே முன்னின்று பாடினார். அதற்குப் பிறகு வந்த பேஸ் பாடகர்கள் எல்லோரிடமும் அவருடைய சாயல் கொஞ்சம் இருக்கிறது.

ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை அடிக்குரல் மட்டும். இரண்டாம் தடவை நடுவில் இருப்பவர்கள். அவர்கள் எப்போது சொல்லைச் சொல்கிறார்கள், எப்போது வெறும் 'ஊ' என்று இழுக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாம் தடவை முன்குரலுக்கு வாருங்கள். அவர் ஏன் அந்த இடத்தில் அப்படி ஏறுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். மற்றவர்கள் கீழே தாங்கிப் பிடித்திருப்பதால் ஏறுகிறார்.

மூன்க்ளோஸின் 'சின்சியர்லி' (1954) கேட்டால் இன்னொன்றும் கிடைக்கும். பின்னணியில் இருப்பவர்கள் 'ஊ' என்று பாடாமல் மைக்குக்குப் பக்கத்தில் காற்றை ஊதுவதுபோல் ஒலி எழுப்புகிறார்கள். ஊதும் ஒத்திசை என்றே அதற்குப் பெயர். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த மூச்சு உங்கள் காதில் படும்.

'ஷ-பூம்', 'டூ-வா', 'ஷூ-டூ-பி' போன்ற அர்த்தமில்லாத சொற்கள் எதற்கு?

நாம் ஜதி சொல்வதில்லையா? 'தகதிமி'க்கு அகராதியில் பொருள் தேடினால் கிடைக்காது. ஆனால் அதில் மிருதங்கம் இருக்கிறது. அதுபோல 'டூ'வில் டிரம்ஸ் இருக்கிறது, 'வா'வில் சாக்ஸஃபோன் இருக்கிறது. இல்லாத வாத்தியங்களை வாயால் கொண்டுவந்தார்கள். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் உண்மையான வாத்தியங்கள் கிடைத்தபோதும் அந்த ஒலிகளை விடவில்லை. அதற்குள் அவையே பாட்டின் உயிராகிவிட்டன.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறதே?

ஒரு விதத்தில் உண்மைதான். மெதுவான டூ-வாப் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே நான்கு கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின்) மேல் சுற்றும்: சி, ஏ மைனர், எஃப், ஜி. தாளமும் பெரும்பாலும் ஒன்றே. நான்கு அடி, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். பியானோ 'தகிட தகிட தகிட தகிட' என்று தட்டிக்கொண்டே இருக்கும். நமக்கு இது திஸ்ர நடை.

அதனால் பாட்டுகளை அடையாளம் கண்டுகொள்ள மெட்டைப் பார்க்காமல் குரலைப் பாருங்கள். ஒரே ராகத்தில் பத்துப் பேர் பாடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கட்டுமானம் ஒன்று, ஆள் வேறு, குரல் குழைகிற இடம் வேறு. பிளமிங்கோஸ் 1959இல் பாடிய 'ஐ ஒன்லி ஹாவ் ஐஸ் ஃபார் யூ' 1934ஆம் வருடத்துப் பழைய பாட்டு. டெரி ஜான்சன் அதைப் பிரித்துப்போட்டு வேறாக அமைத்தார். பியானோ ஒரே இடத்தில் அசையாமல் நிற்க, எதிரொலியில் நனைந்த குரல்கள் எங்கிருந்தோ வந்து 'டூ-பாப் ஷ-பாப்' என்று விழுகின்றன. அதை ஒரு தடவை கேட்டவர்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று மறுபடி சொல்லி நான் பார்த்ததில்லை.

ஒலிப்பதிவின் தரம் இவ்வளவு மோசமாக இருக்கிறதே, எப்படி ரசிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையோடு பதில் சொல்வேன். நீங்கள் மோசம் என்று நினைப்பதில் பெரும்பகுதி அந்த அறையின் ஒலி. இந்தத் தட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு அறை பதிவாகியிருக்கிறது. அறையைக் கேட்கப் பழகிவிட்டால் இரைச்சல் காதில் நிற்காது.

ஃபைவ் சாட்டின்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன் தி ஸ்டில் ஆஃப் த நைட்' 1956 பிப்ரவரியில் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில், புனித பெர்னதெத் தேவாலயத்தின் அடித்தளத்தில் பதிவானது. எழுதி முன்னின்று பாடிய ஃப்ரெட் பாரிஸ் அப்போது ராணுவத்தில் இருந்தார்; இரவுக் காவல் பணியில் இருக்கும்போது எழுதிய பாட்டு அது. சாக்ஸஃபோன் வாசித்த வின்னி மஸெட்டா அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர். அவர் கேட்டுத்தான் இடம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பின்னணிக் குரல்கள் சுவரில் பட்டுத் திரும்பி வருகின்றன. டிரம்ஸ் எங்கோ தள்ளி இருக்கிறது. சாக்ஸஃபோன் தனியாக வரும்போது அந்த அடித்தளத்தின் நீள அகலமே தெரிகிறது. நல்ல கூடத்தில், நல்ல மைக்கில் எடுத்திருந்தால் இந்த ராத்திரி நமக்குக் கிடைத்திருக்காது.

பென்குவின்ஸ் குழுவின் 'எர்த் ஏஞ்சல்' (1954) லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் பதிவானது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்க வேண்டியிருந்தது என்று தட்டை வெளியிட்ட டூட்ஸி வில்லியம்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மாதிரிக்காக எடுத்த பதிவுதான் அது. அப்படியே வெளியாகி நாடு முழுக்க ஓடியது.

நியூ ஆர்லியன்ஸில் காஸிமோ மட்டாஸாவின் ஜே அண்ட் எம் ஸ்டூடியோ, ஒரு கடையின் பின்கட்டில் இருந்த சின்ன அறை. ஃபேட்ஸ் டாமினோ 1949 டிசம்பரில் 'த ஃபேட் மேன்' பதிவு செய்தது அங்கேதான். பியானோவின் இடது கை எவ்வளவு கனமாக விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

முன்பக்கப் பாட்டைவிடப் பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்கிறார்களே?

சும்மா சொல்வதில்லை. 'எர்த் ஏஞ்சல்' பின்பக்கப் பாட்டு. 'இன் தி ஸ்டில் ஆஃப் த நைட்' பின்பக்கம். சோர்ட்ஸ் குழுவின் 'ஷ-பூம்' பின்பக்கம். கம்பெனிக்காரர்கள் எது ஓடும் என்று நினைத்தார்களோ அது ஓடவில்லை. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைப் புரட்டிப் போட்டார்கள். எந்தத் தட்டு கையில் கிடைத்தாலும் இரண்டு பக்கமும் கேளுங்கள்.

இந்தக் காலத்துப் பாட்டில் சாக்ஸஃபோன் ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கிறது?

அப்போது கிட்டாரின் இடத்தில் அதுதான் இருந்தது. பிக் ஜே மெக்நீலி மேடையில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரே சுரத்தை ஊதித் தள்ளுவார். கூட்டம் தன்னை மறந்துவிடும். அவருடைய 'டீகன்ஸ் ஹாப்' 1949இல் முதலிடம் பிடித்தது. இந்த வாசிப்பில் நுணுக்கம் தேடாதீர்கள். குரல் உடைந்து கத்தும் மனிதனைக் கேட்பதுபோல் கேளுங்கள்.

தேவாலயத்துக்கும் சோலுக்கும் என்ன சம்பந்தம்?

முழுச் சம்பந்தமும் உண்டு. போதகர் ஒன்று சொல்ல, சபை பதில் சொல்லும். ஒரே எழுத்தைப் பத்துச் சுரங்களில் இழுத்து உருட்டுவது, உணர்ச்சி தாங்காமல் குரல் கிழிவது, பாட்டின் கடைசியில் இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஏற்றி ஏற்றிப் போவது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலை வழிபாட்டிலிருந்து வந்தவை.

ரே சார்ல்ஸ் 1954 நவம்பரில் அட்லாண்டாவில் ஒரு வானொலி நிலையக் கூடத்தில் 'ஐ காட் எ உமன்' பதிவு செய்தார். சதர்ன் டோன்ஸ் என்ற குழுவின் ஏசு பாட்டின் மெட்டு அதற்கு அடிப்படை. கடவுள் இருந்த இடத்தில் பெண்ணை வைத்தார். ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸி போன்றவர்களே இதைத் தவறு என்று கண்டித்தார்கள். சாம் குக் அப்போது சோல் ஸ்டிரர்ஸ் என்ற புகழ்பெற்ற தேவாலயக் குழுவின் முன்குரல். அவருடைய முதல் காதல் பாட்டு 'டேல் குக்' என்ற வேறு பெயரில்தான் வெளியானது. சபை கோபித்துக்கொள்ளுமே என்ற பயம். அந்தக் குரலைப் பெயர் மாற்றி மறைக்க முடியவில்லை, கேட்டவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். 1957இல் 'யூ செண்ட் மீ' சொந்தப் பெயரில் வந்து முதலிடத்துக்குப் போனது.

நம் காது கமகத்துக்குப் பழகியது என்பதால் ஒரு விஷயம் எளிதாகப் பிடிபடும். ப்ளூஸ் பாடகர்கள் மூன்றாம் சுரத்தை சாதாரண காந்தாரத்திலும் வைக்கமாட்டார்கள், அந்தர காந்தாரத்திலும் வைக்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ அசைப்பார்கள். பியானோவில் அந்த இடம் கிடையாது. பியானோ ஒரு சுரத்தைச் சொல்ல, குரல் அதற்குச் சற்று விலகி உரசும். அந்த உரசலில்தான் வலி இருக்கிறது. அரீதா ஃப்ராங்க்ளின் பாடும்போது இதைக் கவனியுங்கள்.

அரீதாவைப் பற்றிச் சொல்லுங்கள். எல்லோரும் ஏன் 1967 என்கிறார்கள்?

அரீதா டெட்ராய்டில் புகழ்பெற்ற போதகர் சி.எல். ஃப்ராங்க்ளினின் மகள். 1960களின் முதல் பாதியில் கொலம்பியா கம்பெனிக்குப் பல தட்டுகள் பாடினார். நல்ல குரல், ஆனால் பாட்டு அமைப்பு அவரைக் கட்டிப் போட்டிருந்தது. 1967 ஜனவரியில் அலபாமாவில் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவுக்கு, அதற்குள் அட்லாண்டிக் கம்பெனியின் தயாரிப்பாளராகிவிட்ட ஜெரி வெக்ஸ்லர் அவரைக் கூட்டிப் போனார். செய்த முக்கியமான காரியம் ஒன்றுதான்: அவரைப் பியானோவில் உட்கார வைத்தார். 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' அன்று பதிவானது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தகராறாகி எல்லாம் கலைந்துவிட, அதே வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து மிச்சத்தை எடுத்தார்கள்.

அதில்தான் 'ரெஸ்பெக்ட்' வந்தது. ஓடிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடியது. வீட்டுக்கு வரும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. அரீதா அதைப் பெண்ணின் பாட்டாகத் திருப்பினார். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் இடம் ரெட்டிங்கின் பாட்டில் கிடையாது. பின்னணியில் பாடுவது அரீதாவின் தங்கை கரோலினும் அக்கா அர்மாவும். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

மோட்டவுனா, ஸ்டாக்ஸா?

இரண்டும் வேண்டும். ஆனால் வித்தியாசத்தைக் காதால் தெரிந்துகொள்வது நல்லது.

மோட்டவுன் டெட்ராய்டில் ஒரு சாதாரண வீடு. பெரி கோர்டி 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648ஆம் எண் வீட்டின் பின்புறத்துக் கார் ஷெட்டை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். ஒரே அறை, ஒரே வாத்தியக் குழு, இரவு பகலாக வேலை. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் போட்டு எந்தப் பாட்டை வெளியிடுவது என்று ஓட்டெடுப்பார்கள். கார் வானொலியின் சின்ன ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கும் என்று பார்த்தே ஒலியைச் சேர்த்தார்கள். அதனால்தான் தம்பட்டம் போன்ற டாம்பரீன் அவ்வளவு பளிச்சென்று முன்னால் நிற்கிறது.

அந்தக் குழுவில் ஒருவரை மட்டும் உங்கள் கையில் பிடித்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன்: பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் கொக்கிபோல் வைத்து வாசிப்பார். கிட்டார் கம்பிகளை மாற்றவே மாட்டார். பழைய கம்பியின் மங்கலான, வட்டமான ஒலிதான் அவருக்கு வேண்டும். ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்' (1967) போட்டுப் பாடகரை மறந்துவிட்டு அவரைத் தொடர்ந்து போங்கள். ஒரு சுற்றைப்போல் அடுத்த சுற்று இருக்காது. மேலே பாட்டு நடந்துகொண்டிருக்க, கீழே தனியாக ஒருவர் இன்னொரு பாட்டைச் சொல்லிக்கொண்டு போவார். இவ்வளவு செய்தவரின் பெயர், மற்ற வாத்தியக்காரர்களின் பெயர்களைப் போலவே, மோட்டவுன் தட்டு அட்டையில் 1971 வரை வரவில்லை.

ஸ்டாக்ஸ் கம்பெனி இருந்தது மெம்பிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டரில். ஜிம் ஸ்டூவர்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்தினார்கள். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள், சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒலி அந்தச் சரிவில் அலைந்து திரும்புவதைக் கேட்கலாம். தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் தட்டுக்கடை வைத்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியக் குழுவில் இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். அன்றைய மெம்பிஸில் இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் கிடைப்பதே அரிது. இவர்கள் எழுதிவைத்து வாசிப்பதில்லை. ஒருவர் ஒன்றைத் தொடங்க, மற்றவர்கள் இடம் விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். ஓடிஸ் ரெட்டிங் 1962இல் இன்னொருவரின் பதிவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர். நேரம் மிச்சமிருந்ததால் பாடவிட்டார்கள். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' அப்படிக் கிடைத்தது. ஐந்து வருடம் கழித்து, 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

என்னைக் கேட்டால், மோட்டவுன் காலையில், ஸ்டாக்ஸ் ராத்திரியில்.

கையை எங்கே தட்டுவது?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். ஒன்றில் தட்டிப் பழகிய நமக்கு முதலில் கை தடுமாறும். ஒரு வாரத்தில் வந்துவிடும். அப்புறம் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' (1965) கேளுங்கள். அந்த இரண்டும் நான்கும் மயிரிழை தாமதமாக விழும். வெக்ஸ்லர் கூடத்துக்குள் வந்து அப்போதைய ஒரு நடனத்தை ஆடிக்காட்ட, வாத்தியக்காரர்கள் அதற்கேற்ப அடியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

ஒரே பாட்டு இரண்டு பேர் பெயரில் இருக்கிறதே, எதைக் கேட்பது?

முதலில் பாடிய கறுப்பினக் குழுவைக் கேளுங்கள். 'ஷ-பூம்' பாட்டை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிப் பையன்களான சோர்ட்ஸ் 1954இல் வெளியிட்டார்கள். உடனே க்ரூ கட்ஸ் என்ற கனடா நாட்டு வெள்ளையர் குழு அதைப் பாடி, அதுதான் முதலிடம் பிடித்தது. வானொலி நிலையங்களும் கடைகளும் யாருக்குத் திறந்திருந்தன என்பதுதான் காரணம். அன்றைய சட்டத்தில் மெட்டுக்கும் சொல்லுக்கும் உரிமை உண்டு, பாட்டை அமைத்துப் பாடிய விதத்துக்கு உரிமை கிடையாது. லவர்ன் பேக்கரின் 'ட்வீடில் டீ'யை ஜார்ஜியா கிப்ஸ் கிட்டத்தட்ட அச்சாக எடுத்துப் பாடியபோது, பேக்கர் 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினருக்கே எழுதி நியாயம் கேட்டார். சட்டம் மாறவில்லை.

பாடியவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

பெரும்பாலும் இல்லை. பதிவுச் செலவு முழுவதையும் பாடகர் கணக்கில் எழுதி, பங்குத்தொகையில் கழித்துக்கொள்வது அன்றைய வழக்கம். பாடகி ரூத் பிரவுனின் பாட்டுகள் அட்லாண்டிக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. 'ரூத் கட்டிய வீடு' என்றே அந்தக் கம்பெனியைச் சொல்வார்கள். அதே ரூத் பிரவுன் பிற்காலத்தில் வீட்டு வேலையும் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். அவர் விடாமல் போராடியதால் பழைய பாடகர்களின் கணக்குகள் திரும்பப் பார்க்கப்பட்டன, 1988இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளையும் உருவானது.

ஃப்ராங்கி லைமன் 'வொய் டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டால் 13 வயதில் உலகப் புகழ் பெற்றார். 25 வயதில் ஹெராயின் அவரைக் கொன்றது. அவர் பாடிய டீனேஜர்ஸ் குழுவின் மற்ற இரண்டு பேர், அந்தப் பாட்டை உருவாக்கியதில் தங்களுக்கும் உரிமை உண்டு என்ற வழக்கில் 1992இல் வென்றார்கள். காலம் கடந்துவிட்டது என்று 1996இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு போய்விட்டது. அந்தக் குழந்தைக் குரலை இதெல்லாம் தெரிந்தபின் கேட்பது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மோனோவா, ஸ்டீரியோவா?

மோனோ. எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது மோனோ. 1960களின் பிற்பகுதி வரை 45 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள், மோனோவில்தான் வந்தன. பாடியவர்களும் பொறியாளர்களும் அதற்காகத்தான் உழைத்தார்கள். பழைய மோனோ பதிவைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்ற எல்.பி.க்களை, அதாவது பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டுகளை, தவிர்த்துவிடுங்கள், அறையே காணாமல் போய்விடும். மறுவெளியீடுகளில் லண்டனின் ஏஸ், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி இரண்டும் நம்பிக்கையானவை.

அசல் தட்டுகளை வாங்கலாமா?

வாங்கலாம், ஊசி விஷயத்தில் கவனம் வேண்டும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில் ஊசி தேவை (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 45க்கும் எல்.பி.க்கும் 1 மில் அல்லது அதைவிடச் சன்னமானது. மாற்றிப் போட்டால் ஒலியும் கெடும், தட்டும் கெடும். அமெரிக்க 45களில் சில வினைலால் ஆனவை இல்லை, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். பார்க்கப் புதிதுபோல் இருக்கும். தேய்ந்த ஊசியில் நான்கு தடவை ஓடியிருந்தாலே மணலைத் தேய்ப்பதுபோல் கேட்கும். போட்டுக் கேட்காமல் வாங்காதீர்கள்.

78 தட்டு அரக்கால் ஆனது. சீல் வைக்கிற அதே அரக்கு. பெரும்பகுதி இந்தியாவின் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது. போரின்போது வரத்து சுருங்கி, 1942இல் அமெரிக்க அரசு தட்டுத் தயாரிப்புக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. ஹார்லெமில் சுழன்ற ரேவன்ஸ் தட்டில் நம் ஊர்ப் பலாச மரத்துப் பூச்சி சுரந்த பிசின் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. அரக்கு என்பதால் ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், கரைந்துவிடும். ஒருமுறை நான் துடைத்த தட்டின் பளபளப்பு கண்ணெதிரே மங்கி, துணியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர், மென்மையான துணி, நடுவில் இருக்கும் லேபிள் நனையக்கூடாது. அவ்வளவுதான்.

ஆங்கில வரிகள் பாதி புரியவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. வரிகள் எளிமையானவை, கேட்கக் கேட்கத் தெளியும். சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' ஒன்றுக்கு மட்டும் வரிகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு தங்கும் விடுதி அவருக்கும் மனைவிக்கும் அறை தர மறுத்தது. அவர் விடாமல் வாதாட, போலீஸ் பிடித்துப் போனது. மூன்று மாதம் கழித்து, 1964 ஜனவரியில் பதிவான பாட்டு இது. 45 தட்டாக வந்தபோது ஒரு சரணத்தை வெட்டிவிட்டார்கள்: சினிமாவுக்கும் நகரத்தின் நடுப்பகுதிக்கும் போனால் 'இங்கே சுற்றாதே' என்று துரத்துகிறார்கள் என்று வரும் சரணம். எல்.பி.யில் அது இருக்கிறது. எல்.பி. பதிவையே தேடிக் கேளுங்கள். அந்த 45 வெளியானபோது சாம் குக் உயிரோடு இல்லை. டிசம்பர் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

சரி, இன்று ராத்திரி எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஓரியோல்ஸின் 'இட்ஸ் டூ சூன் டு நோ' (1948). பால்டிமோர் பையன்கள், பாட்டை எழுதியது டெபோரா செஸ்லர் என்ற இளம்பெண், அவரே குழுவின் நிர்வாகியும். கிட்டத்தட்ட வாத்தியமே இல்லை. சன்னி டில் என்ற முன்குரல் ஒவ்வொரு சொல்லையும் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துப் பாடுகிறார். அதற்குப் பிறகு ஃபைவ் சாட்டின்ஸ், அப்புறம் ரே சார்ல்ஸ், கடைசியில் ஓடிஸ் ரெட்டிங். விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஓரியோல்ஸ் பாட்டில் நடுவே ஜார்ஜ் நெல்சன் என்ற நடுக்குரல்காரர் இரண்டு வரி தனியாகப் பாடுவார், குரல் சற்றுக் கரகரப்பாக இருக்கும். அந்த இடத்தை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.